கல்லடைப்பு: தோஹா எமர்ஜென்சி வாசலில் கற்றுக்கொண்டவை

கத்தார் தலைநகர் தோஹாவில், சனையா என்று நாங்கள் சொல்லும் இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் ஒரு கட்டுமான கம்பெனியில் பல வருடம் கேம்ப் பாஸாக இருந்தேன். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ரூம் ஒதுக்குவது, மெஸ், தண்ணீர், பஸ், ரூமுக்குள் வரும் சண்டை சச்சரவு எல்லாம் கேம்ப் பாஸ் தலையில்தான். ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அவர்தான். நெஞ்சுவலி, கை முறிவு, சர்க்கரை இறங்கி மயக்கம் என்று எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். ஆனாலும் நடுராத்திரியில் என் கதவைத் தட்டி எழுப்பியதில் அதிகம் கல்லடைப்புதான்: சிறுநீரகத்தில் உருவான கல், அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாயில் இறங்கி அடைத்துக்கொள்வது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று 2021-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அவ்வளவு சூடு. உடம்புத் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விட்டால் சிறுநீர் கெட்டியாகிறது. அதில் கரைந்திருக்கும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் படிகமாகித் திரள்கிறது. இதில் இன்னொன்றும் சேர்கிறது. பத்தாவது மாடியில் கம்பி கட்டுகிறவன் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் ஹாய்ஸ்ட் என்ற சைட் லிஃப்டுக்குக் காத்திருந்து கீழே இறங்கி, மறுபடி ஏறி வர வேண்டும். அதற்குள் ஃபோர்மேன் பெயரைச் சொல்லிக் கத்துவார். அதனால் பையன்கள் தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பார்கள். தண்ணீர் கேன் பக்கத்திலேயே இருக்கும், குடிக்க மாட்டார்கள்.

கல்லடைப்பில் வலியின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றாகப் போவதில்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உயிர் போகிற மாதிரி துடிக்கிறவன் பல சமயம் நாலு மணி நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டு நடந்து வந்துவிடுவான். வலி குறைந்துவிட்டது என்று படுத்துக் கிடக்கிறவனுக்குத்தான் சிறுநீரகம் போகும். சில நேரம் உயிரும் போகும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

முதலில் வலியைப் பற்றி. விலா எலும்புக்குக் கீழே முதுகின் ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும். அங்கிருந்து அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும், ஆண்களுக்கு விதைக்கும் இறங்கும். குமட்டல், வாந்தி கூடவே வரும். கல் சிறுநீர்க்குழாயின் கீழ்முனைக்கு வந்துவிட்டால், சொட்டுச் சொட்டாகப் போனாலும் இன்னும் போக வேண்டும் போலவே இருக்கும். இதையெல்லாம் விட எனக்கு அடையாளம் காட்டியது அந்த ஆள் படுக்கும் விதம்தான். கல்லடைப்புக்காரன் ஓரிடத்தில் இருக்க மாட்டான். குந்துவான், எழுந்து நடப்பான், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிவான், தரையில் புரளுவான். எந்த நிலையிலும் நிம்மதி கிடைக்காது. குடல்வால் வெடித்தவனோ குடலில் ஓட்டை விழுந்தவனோ அப்படிப் புரள மாட்டான்; அசைந்தாலே வலிக்கும் என்பதால் மடங்கி அப்படியே கிடப்பான். அசையாமல் கிடக்கிறவனைப் பார்த்தால் 'இவனுக்கு வலி கம்மி' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எமர்ஜென்சிக்குப் போனதும் முதலில் நர்ஸ் உட்கார வைத்து ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் பார்ப்பார். அப்புறம் "வலி பத்துக்கு எத்தனை?" என்பார். இந்தக் கேள்வியில் நம் ஆட்கள் தடுமாறியதை நிறையப் பார்த்திருக்கிறேன். அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவன், சாரம் கட்டுகிறவன், சட்டையெல்லாம் வாந்தி, முகமெல்லாம் வியர்வை. நர்ஸ் இந்தியில் கேட்டார். அவன் ஒற்றை விரலைக் காட்டினான். வகுப்பில் முதல் ரேங்க் மாதிரி, ஒன்று என்றால்தான் உச்சம் என்று அவன் நினைப்பு. நர்ஸும் ஒன்று என்றே எழுதிக்கொண்டார். நான் குறுக்கிட்டு, பத்துதான் தாங்க முடியாத வலி என்று அவனுக்குத் தமிழில் விளக்கி, மறுபடி கேட்கச் சொன்னேன். எண்ணை மாற்றி எழுதிய பிறகு படுக்கைக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போகிறவர்கள் இந்தக் கேள்விக்கு முன்னாலேயே ஆளைத் தயார் செய்துவிடுங்கள். நர்ஸ்களில் மலையாளிகளும் தமிழர்களும் நிறைய உண்டு. தமிழில் பேசலாமா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எண்ணோடு சேர்த்து, கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டியவை சில இருக்கின்றன. வலி எப்போது ஆரம்பித்தது, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்ததா, முன்பு கல் வந்திருக்கிறதா, இருப்பது ஒரே சிறுநீரகமா, வயிற்றுப்புண் உண்டா, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை எடுக்கிறாரா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. பெண்களாக இருந்தால் கர்ப்பமா என்பதும். ரூமில் என்ன மாத்திரை விழுங்கினான் என்பதை மறைக்கவே கூடாது. அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுவேன்.

ஊசி விஷயம். நம் ஆட்கள் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நினைப்பார்கள். "வெறும் இடுப்பு ஊசி போட்டு அனுப்பிட்டாங்கண்ணே" என்று குறைப்படுவார்கள். ஆனால் கல்லடைப்புக்கு அந்த டைக்ளோஃபெனாக் ஊசிதான் முறையான முதல் மருந்து. கல் அடைத்ததும் மேலே சிறுநீர் தேங்கி சிறுநீரகம் விரிகிறது. அப்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ரத்த ஓட்டத்தைக் கூட்டி, குழாயையும் இறுக்கி, அழுத்தத்தை இன்னும் ஏற்றுகிறது. டைக்ளோஃபெனாக் நேராக அந்தச் சுரப்பையே தடுக்கிறது. இதை உறுதிப்படுத்திய பெரிய ஆய்வு ஒன்று நடந்தது தோஹா ஹமத் ஜெனரல் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில்தான். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 1645 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 75 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் தசையில், இன்னொன்றுக்கு 1 கிராம் பாராசிட்டமால் நரம்பில், மூன்றாவதற்கு மார்ஃபின் நரம்பில் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தவர்கள் டைக்ளோஃபெனாக்கில் 68 சதவீதம், பாராசிட்டமாலில் 66, மார்ஃபினில் 61. நாம் பெரிதாக நினைக்கும் மார்ஃபினை விட அந்த ஊசி நன்றாகவே வேலை செய்திருக்கிறது. இதைப் படித்த பிறகு என் கேம்ப்பில் யாரும் அந்த ஊசியைக் குறை சொல்ல நான் விட்டதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கும் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் அது ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். மேலே சொன்ன கேள்விகளுக்குச் சரியான பதில் தேவைப்படுவது இதற்கும்தான்.

பாட்டில் ஏற்றினால் கல்லைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. வாந்தியால் உடம்பு வறண்டவனுக்கு அது தேவை. மற்றவனுக்கு அதனால் கல் சீக்கிரம் வராது.

வலி அடங்கியதும் சிறுநீர், ரத்தம், ஸ்கேன். சிறுநீரில் ரத்தம் இல்லை என்பதால் கல் இல்லை என்று ஆகாது. கல் இருந்தும் ரத்தம் தெரியாதவர்கள் உண்டு. எல்லோருக்கும் சிடி எடுப்பதில்லை என்று பையன்கள் வருத்தப்படுவார்கள். முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் சிடி என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான். அமெரிக்காவில் 15 எமர்ஜென்சிகளில் ஒப்பிட்டுப் பார்த்து, அல்ட்ராசவுண்டில் ஆரம்பித்தவர்களுக்குப் பெரிய ஆபத்து எதுவும் கூடவில்லை, கதிர்வீச்சு குறைந்தது என்று 2014-இல் வெளியிட்டார்கள். ஆனால் அறுபதை ஒட்டிய ஒருவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கல்வலி மாதிரி வந்தால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கசிந்தாலும் இதே இடத்தில் இதே மாதிரிதான் வலிக்கும். எங்கள் மெஸ்ஸில் இருந்த பெரியவரை அதனால்தான் உடனே சிடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவருக்குக் கல்தான். அந்த அவசரம் எதற்கு என்று ஒரு மலையாளி டாக்டர் நின்று நிதானமாக எனக்கு விளக்கினார்.

இனி காய்ச்சல். இது பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும்.

பெயின்டர் ஒருவன். இரண்டு நாளாக முதுகு வலி என்று ரூமிலேயே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். வலி மாத்திரையும் பாராசிட்டமாலும் மாறி மாறி. பக்கத்துக் கட்டில்காரன் வந்து, "அண்ணே, அவனுக்கு வலி குறைஞ்சிருச்சு, ஆனா ஏசியை நிறுத்தியும் நடுங்குறான்" என்றான். போய்த் தொட்டுப் பார்த்தால் உடம்பு பெரிதாகச் சுடவில்லை. பாராசிட்டமால் காய்ச்சலை அமுக்கி வைத்திருந்தது. ஆனால் பல் தந்தியடிக்கிறது, பேச்சில் தெளிவில்லை, நாடி ஓடுகிறது. 999-க்கு அடித்தேன், ஆம்புலன்ஸ் வந்தது. எமர்ஜென்சியில் அவனுக்காக ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோதுதான் இது வேறு நோய் என்று எனக்கு உறைத்தது. கல் அடைத்த சிறுநீரகத்தில் கிருமி புகுந்துவிட்டால், உள்ளே தேங்கியது சீழாகிறது. வெளியேற வழி இல்லை. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் அடைபட்ட இடத்துக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. முதலில் வடிகால் வைக்க வேண்டும்: உள்ளிருந்து சிறுநீர்க்குழாயில் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய், அல்லது முதுகு வழியாக நேரே சிறுநீரகத்துக்குள் ஒரு குழாய். கல்லை அப்போது தொட மாட்டார்கள். கிருமி அடங்கிய பிறகுதான் கல்லுக்கு வருவார்கள். பெயின்டருக்கு முதுகு வழியாகக் குழாய் போட்டார்கள். ஐசியூவில் இருந்து பிழைத்து வந்தான். "இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால்" என்று அவனைப் பார்த்த டாக்டர் ஆரம்பித்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை.

அதன்பிறகு கேம்ப்பில் நான் வைத்த ஏற்பாடு எளிமையானது. முதுகுவலியோடு குளிர், நடுக்கம், காய்ச்சல் எதுவாவது இருந்தால் வலி எவ்வளவு கம்மியானாலும் காலை வரை காத்திருப்பது கிடையாது. சிறுநீர் சுத்தமாக நின்றுபோனாலும் அப்படித்தான். ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவர், கர்ப்பிணி, சொட்டுத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காதவர் ஆகியோருக்கும் இதையேதான் சொல்வேன். வலி மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நேரத்தோடு எழுதிவைக்கச் சொன்னேன். மாத்திரை போட்ட பிறகு பார்த்த காய்ச்சல் கணக்கு நம்மை ஏமாற்றும்.

மாத்திரை பற்றி இன்னொன்று. ஊரிலிருந்து வரும்போது டிராமடால் மாதிரி வலி மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கத்தாரில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முறையான சீட்டும் அனுமதியும் இல்லாமல் பிடிபட்டால் நோயைவிடப் பெரிய சிக்கல்.

சரி, ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்து, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நடக்கும், அது சரியான வைத்தியமும்கூட. 5 மில்லிமீட்டர் வரையான கல் சுமார் மூன்றில் இரண்டு பேருக்குத் தானாகவே இறங்கிவிடும். 5 முதல் 10 வரை என்றால் பாதிக்குப் பாதி. குழாயின் கீழே வந்துவிட்ட கல் மேலே நிற்பதைவிடச் சுலபமாக விழும். நாலு முதல் ஆறு வாரம் வரை பொறுக்கலாம் என்பார்கள். சிலருக்குக் குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் கொடுப்பார்கள். பிரிட்டனில் 2015-இலும் அமெரிக்காவில் 2018-இலும் வந்த பெரிய ஆய்வுகளில் அதற்குப் பொதுவாகப் பலன் தெரியவில்லை. 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து குழாயின் கீழ்ப்பகுதியில் நிற்கும் கல்லுக்கு உதவலாம் என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. எழுதிக் கொடுத்தால் சாப்பிடட்டும். எழுந்ததும் தலை சுற்றலாம். சாரத்தில் ஏறுகிறவர்களை அந்த நாட்களில் நான் தரை வேலைக்கு மாற்றச் சொல்லி ஃபோர்மேனிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அனுப்பிய பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2008-09-இல் கல்லடைப்புக்காக எமர்ஜென்சிக்கு வந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். ஒன்பதில் ஒருவர் 30 நாளைக்குள் அதே தொல்லைக்காக மறுபடி எமர்ஜென்சிக்கு வந்திருக்கிறார். அப்படித் திரும்பியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவோ, அவருக்கு அவசரமாக ஏதாவது செய்யவோ வேண்டியிருந்தது. சிறுநீரக அறுவை மருத்துவர் எளிதில் கிடைக்காத பகுதிகளில் இருந்தவர்கள் அதிகமாகத் திரும்பினார்கள். முதல் வருகையிலேயே ரத்த அணுக்கள் பரிசோதனை செய்யப்பட்டவர்கள் குறைவாகத் திரும்பினார்கள். எங்கோ கலிஃபோர்னியாக் கணக்கு என்றாலும் சனையாவில் நான் பார்த்ததும் இதுவே. லீவு கேட்கப் பயந்து அப்பாயின்ட்மென்ட்டை விட்டவன்தான் திரும்பவும் என் கதவைத் தட்டினான்.

கதவைத் தட்டாதவன் நிலைமை இன்னும் மோசம். வலி நின்றுவிட்டது, கல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான். கல் அங்கேயே நின்று முழுசாக அடைத்துக்கொண்டால், சில நாளில் சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும், வலியும் போய்விடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தச் சிறுநீரகம் திரும்பி வராது. இன்னொரு பக்கம் நன்றாக இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. கம்பி கட்டும் ஒருவருக்கு ஊரில் வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது இடது பக்கம் வெறும் தண்ணீர்ப் பை மாதிரி இருந்ததைப் பார்த்தார்கள். முந்தின வருடம் தோஹாவில் ஒரே ஒரு ஊசியோடு சரியாகிவிட்டது என்று எங்களோடு பெருநாள் பிரியாணி சாப்பிட்டவர் அவர்.

அதனால் கல் விழுந்ததைக் கண்ணால் பாருங்கள், இல்லையென்றால் ஸ்கேனில் பாருங்கள். டீ வடிகட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, பாட்டிலில் பிடித்து அதில் ஊற்றினால் போதும். விழும் கல் மிளகு அளவுகூட இருக்காது. பழுப்பாக, முள்முள்ளாக இருக்கும். தூக்கிப் போடாமல் காய வைத்து ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். எந்த வகைக் கல் என்று தெரிந்தால் மேற்கொண்டு தடுப்பதற்கு வழி கிடைக்கும். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் மருந்தாலேயே கரைக்கலாம். சாதாரண கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்தச் சாறும் கரைக்காது. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில், சிறுபீளை என்று ஊரிலிருந்து பொடி வரும். வாழைத்தண்டைச் சமைத்துச் சாப்பிடுவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஸ்கேனுக்குப் பதிலாக அதை நம்பி உட்கார்வதைத்தான் தடுத்தேன்.

ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து வருடத்துக்குள் மறுபடி வருகிறது. தண்ணீர்தான் இதற்கு நிரூபிக்கப்பட்ட மருந்து. இத்தாலியில் 1996-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் ஐந்து வருடத்தில் 12 சதவீதம் பேருக்குத்தான் கல் திரும்பியது. மற்றவர்களில் 27 சதவீதம். குடித்தது எத்தனை லிட்டர் என்பதை விட வெளியே போனது எவ்வளவு என்பதே கணக்கு, ஏனென்றால் தோஹா வெயிலில் குடித்ததில் பெரும்பகுதி சட்டையில்தான் போகும். நிறம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். உப்பைக் குறையுங்கள், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் நூடுல்ஸ் மூன்றும் கேம்ப் சாப்பாட்டில் உப்பு மூட்டை. கறியையும் அளவாக வையுங்கள். பால், தயிரை நிறுத்திவிடச் சொல்வார்கள், நிறுத்தாதீர்கள். சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும்.

எங்கள் சைட் இன்ஜினியரிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டது தண்ணீர் கேன் அல்ல, மேல் மாடிகளில் ஒரு தற்காலிகக் கழிப்பறை. அது வந்த பிறகுதான் பையன்கள் பயமில்லாமல் குடித்தார்கள்.

லீவு விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கத்தார் தொழிலாளர் சட்டப்படி, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆனவருக்கு மருத்துவச் சான்று இருந்தால் இரண்டு வாரம் முழுச் சம்பளத்தோடும், அடுத்த நாலு வாரம் அரைச் சம்பளத்தோடும் நோய் விடுப்பு உண்டு. அதனால் எமர்ஜென்சியிலிருந்து கிளம்பும்போதே சான்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். சனையாவிலேயே ஆண் தொழிலாளர்களுக்காக ஹஸ்ம் மெபைரிக் ஆஸ்பத்திரி 2018-இல் வந்த பிறகு அப்பாயின்ட்மென்ட்டுக்குத் தூரமும் ஒரு சாக்கு இல்லை.

கடைசியாக ஸ்டென்ட். டிஜே ஸ்டென்ட் போட்டவருக்கு அது தற்காலிகம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், டாக்டர் சொன்ன தேதிதான் கணக்கு. உள்ளேயே விட்டால் அதன் மேலேயே கல் படியும். அப்புறம் அதை எடுப்பது தனி ஆபரேஷன். வளைகுடாக்காரர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இங்கே போட்டிருப்பார்கள், இடையில் கான்ட்ராக்ட் முடியும், லீவு வரும், ஆள் ஊருக்குப் போய்விடுவார். வலி இல்லாததால் உள்ளே குழாய் இருப்பதே மறந்துவிடும், வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது. என் அலுவலக நோட்டில் ஸ்டென்ட் போட்டவர் பெயர், போட்ட தேதி, எடுக்க வேண்டிய தேதி மூன்றையும் எழுதி, டிக்கெட் போடும் பையனிடமும் சொல்லிவைப்பேன். எடுக்காமல் ஊருக்குப் போகிறவர் என்றால் அவர் மனைவிக்கோ அப்பாவுக்கோ நானே போன் செய்து தேதியைச் சொல்லிவிடுவேன். டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் அறிக்கையையும் செக்-இன் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு வைக்கச் சொல்வேன். தெற்கு மாவட்டத்துக்காரர்கள் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியின் சிறுநீரக அறுவைப் பிரிவுக்கு அந்தக் காகிதங்களோடு போனால் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தால்தான் நோட்டில் அந்தப் பெயரை அடிப்பேன்.